முன் வண்டியின் நாலு நிமிஷம்

பாட்டைக் குறைக்கச் சொல்லாதீர்கள் சார். கண்டக்டரைக் கூப்பிட வாயெடுத்தீர்கள், பார்த்தேன். வேண்டாம். தலைவலி என்றால் ஜன்னலைத் தள்ளிவிட்டு முகத்தைக் காற்றில் காட்டுங்கள். பாப்பாநாடுதானே? ஒரத்தநாட்டிலிருந்து இருபத்தைந்து நிமிஷம். பொறுத்துக்கொள்ளலாம்.

காரணம் வேண்டுமா? முன்னால் பாருங்கள். இடது பக்கம், இரண்டாவது சீட்டு, ஜன்னலோரம். ஊதாப் புடவை. என் மனைவி. அவளுக்காகத்தான் இந்தப் பாட்டு. டிரைவர் எனக்குப் பழக்கம். நான்தான் போடச் சொல்லியிருக்கிறேன்.

நான் ஏன் கடைசி சீட்டில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அடுத்துக் கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். பொறுங்கள்.

எனக்குப் பாட்டு பிடிக்காது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் இதே லைனில் பிரைவேட் பஸ் ஓட்டினவன் நான். தஞ்சாவூர், பட்டுக்கோட்டை. விடிகாலை சாவி போட்டால் ராத்திரி ஒன்பதரை வரை தலைக்கு மேல் ஸ்பீக்கர். பாட்டில்லாத வண்டியில் ஜனம் ஏறாது சார். கவர்ன்மென்ட் பஸ் காலியாக முன்னால் நிற்கும், நம் வண்டிக்காக வெயிலில் காத்திருப்பார்கள். அன்றைக்கு என் வண்டி ரோஸ் வண்டி. இப்போது நாம் உட்கார்ந்திருக்கிறோமே, இதே பெர்மிட்தான். நான் போட்டதெல்லாம் அடி பாட்டு. தூங்குகிறவன் எழுந்து உட்கார வேண்டும். காலேஜ் பசங்கள் படியில் தொங்கிக்கொண்டு தாளம் போடுவான்கள். அதுதான் கலெக்‌ஷன்.

எனக்கு ஏழு நிமிஷம் முன்னால் பச்சை வண்டி. வேறு முதலாளி. டிரைவர் பக்கிரிசாமி. அவன் போடுவதெல்லாம் பழசு. அழுகிறானா பாடுகிறானா என்று தெரியாது. வயலின் இழுத்துக்கொண்டே இருக்கும். வாத்தியார்களும் ரிட்டயர் ஆனவர்களும் அவன் வண்டி. இளவட்டம் என் வண்டி. ஊரே அப்படிப் பிரிந்திருந்தது.

வீட்டுக்குப் போனால் எனக்குச் சத்தம் கூடாது. டி.வி.யில் நியூஸ் மட்டும், அதுவும் சின்னதாக. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் ஒரு ரேடியோ கொண்டுவந்தாள். அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. ஒரு வாரம் பார்த்தேன். எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். நாள் பூராவும் பாட்டுக்குள் கிடந்து வருகிறவனுக்கு வீட்டிலும் பாட்டா? காது ஓயவேண்டாமா? அவளும் ஒன்றும் சொல்லவில்லை. தையல்நாயகி அப்படி. ஒரு தடவை சொன்னால் போதும். இருபத்தெட்டு வருஷம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை கிடையாது. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பதினோரு வருஷம் ஆகிறது. ஆவணியில் பெண்ணுக்குக் கல்யாணம் முடித்தோம். ஒரே பெண். மாப்பிள்ளையோடு மஸ்கட் போய்விட்டாள். புரட்டாசியில் இவளுக்குக் கருப்பை எடுக்கிற ஆபரேஷன். அதுவும் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு இவள் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்துவிட்டாள் என்றால் உட்கார்ந்துவிட்டாள்தான். வேறு எப்படிச் சொல்வது? கூடத்தில் சுவரைப் பார்த்து உட்காருவாள். தலை வாருவதில்லை. உலையில் அரிசி போட்டது மறந்துவிடும். அடி பிடித்த சோற்றை மூன்று மாசம் தின்றேன். என்னடி குறை உனக்கு என்று கேட்டால், "ஒண்ணும் இல்லங்க" என்பாள். ஒன்றும் இல்லை என்றால் எழுந்திருக்க வேண்டியதுதானே? யாரும் சாகவில்லை. சோற்றுக்குப் பஞ்சமில்லை. குடிகாரப் புருஷன் இல்லை. என்ன குறை, சொல்லுங்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் புது ஆற்றுப் படித்துறையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருக்கிறாள். கல்லணைக் கால்வாய் சார், எங்கள் பக்கம் புது ஆறு என்போம். மத்தியானம் இரண்டு மணி. கையில் துண்டு இல்லை, சோப்பு இல்லை. எதிர் வீட்டு மரியசெல்வம் துணி துவைக்கப் போனவள், பார்த்துக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். இங்கே என்னக்கா பண்றீங்க என்று கேட்டதற்கு, "தண்ணி சத்தம் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்" என்றாளாம்.

நான் கத்தினேன். வேறு என்ன செய்வேன்? பயந்துவிட்டேன். பயந்தால் நான் கத்துவேன். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் முதல் சத்தம்.

பிறகு பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தேன். சத்து ஊசி போட்டேன். பூசாரியிடம் கயிறு கட்டினேன். தர்காவில் தாயத்து வாங்கினேன். தாயத்து கட்டினது தை மாதம். அதிலிருந்து ஆள் தேறினாள். சோறு பதமாக வந்தது. தலை வாரிப் பூ வைத்தாள். ஒரு நாள் பாத்திரம் கவிழ்க்கும்போது ஏதோ முனகினாள், ராகம் மாதிரி. என்ன என்றேன். நின்றுவிட்டது.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. எங்களுக்கு ஒரு நாள் ட்யூட்டி, ஒரு நாள் ஓய்வு. ட்யூட்டி முடித்து வருகிற நாளில் அவள் முகம் தெளிவாக இருக்கும். நான் ஓய்வில் வீட்டோடு இருக்கிற நாளில் பழையபடி சுவர். தாயத்துக்கு ஆகாத கிழமை இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது வண்டிக் கதை. இந்த லைனில் நேரம்தான் சோறு. முன் வண்டி ஒரு நிமிஷம் பிந்தினால் பின் வண்டிக்கு நிற்கிற ஆளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அந்தத் தை மாதத்திலிருந்து பச்சை வண்டி ஒரு நடையில் மட்டும் பிந்த ஆரம்பித்தது. காலையில் பட்டுக்கோட்டை போய்விட்டுத் திரும்புகிற நடை. ஒரத்தநாட்டில் பன்னிரண்டே முக்காலுக்கு எடுக்க வேண்டும். நாற்பத்தொன்பதுக்குத்தான் எடுக்கிறான். நாலு நிமிஷம். நான் வந்து சேரும்போது ஸ்டாண்டு துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஐந்து மாசம்.

பட்டுக்கோட்டை டீக்கடையில் வைத்துப் பக்கிரிசாமியைக் கேட்டேன். ஏன்டா நிக்கிற?

"பாட்டு முடியட்டும்னு நிக்கிறேண்ணே."

எல்லாரும் சிரித்தான்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. என்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்தேன். நீங்களாக இருந்தால் வேறு என்ன நினைப்பீர்கள்?

மனு எழுதினேன். என் கையாலேயே எழுதினேன். முன் வண்டி ஓட்டுநர் வேண்டுமென்றே பாட்டுக் கேட்டுக்கொண்டு நின்று பின் வண்டியின் பிழைப்பைக் கெடுக்கிறார் என்று. டைம் கீப்பர் நோட்டிலிருந்து தேதி தேதியாக எடுத்து இணைத்தேன். இரண்டு முதலாளிகளும் உட்கார்ந்து விசாரித்தார்கள். பக்கிரிசாமி காரணம் எதுவும் சொல்லவில்லை. "ஆமாங்க, நின்னேன்" என்றான். அவ்வளவுதான். என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவனைத் தூக்கி வேதாரண்யம் லைனில் போட்டார்கள். பச்சை வண்டியில் இருந்த பாட்டு செட்டைத் திருகிக் கழற்றிவிட்டார்கள். ஸ்பீக்கர் இருந்த இடத்தில் நாலு ஓட்டைதான் மிச்சம். அன்றைக்கு எங்கள் ஷெட்டில் எல்லாருக்கும் என் செலவில் டீயும் மசால் வடையும்.

ஆனி முடியவில்லை. தையல்நாயகி படுத்துவிட்டாள்.

இந்தத் தடவை உட்காரக்கூட இல்லை, படுத்துவிட்டாள். நாலு நாள் சோறு இல்லை. கண் மட்டும் திறந்திருக்கும். மரியசெல்வத்தைப் பகலில் கூட இருக்கச் சொன்னேன். தாயத்தை மாற்றினேன். பழைய தாயத்து கொடுத்தவரிடம் போய்ச் சண்டை போட்டேன்.

அந்த வாரம்தான் குணசீலன் என்னை ஒரத்தநாடு ஸ்டாண்டில் பிடித்தான். பச்சை வண்டிக் கண்டக்டர். டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அண்ணி எப்படிண்ணே இருக்காங்க? வண்டிப் பக்கமே காணோம்."

எந்த அண்ணி என்றேன்.

அவன் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் ட்யூட்டிக்குக் கிளம்பின நாளெல்லாம் இவள் பத்துப் பத்துக்கு ஸ்டாண்டுக்கு வந்து பச்சை வண்டியில் ஏறியிருக்கிறாள். டிரைவருக்குப் பின்னால், ஸ்பீக்கருக்கு நேர் கீழே. பட்டுக்கோட்டைக்கு ஒரு டிக்கெட். அங்கே இறங்கமாட்டாள். திரும்ப ஒரத்தநாட்டுக்கு ஒரு டிக்கெட். ஒரு சாமான் வாங்கினது இல்லை, ஒருத்தரைப் பார்த்தது இல்லை. பாட்டுக் கேட்டுக்கொண்டே போய்விட்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டே வருவாள். ஒரத்தநாடு வந்ததும் எழுந்திருப்பாள். பாட்டு பாதியில் இருந்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாளாம். முதல் நாள் குணசீலன் விசில் அடித்து இறங்கச் சொல்லியிருக்கிறான். இறங்கினவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கிரிசாமி அவனைத் திட்டியிருக்கிறான். அன்றிலிருந்து பாட்டு முடிகிற வரைக்கும் வண்டி நிற்கும். அதுதான் நாலு நிமிஷம்.

என் மனைவி என்று தெரியுமா என்று கேட்டேன். முதல் நாளே தெரியுமாம். "அவருக்குத் தெரிய வேணாம்"னு அண்ணி கேட்டுக்கிட்டாங்க என்றான். அதனால்தான் பக்கிரிசாமி விசாரணையில் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா சார்? நீங்கள் நல்லவர்போலத் தெரிகிறீர்கள், நல்லதாக ஏதாவது நினைப்பீர்கள். எனக்கு அவமானம்தான் தோன்றியது. ஏழு நிமிஷம் பின்னால் என் வண்டி வருகிறது. புத்தம் புது செட்டு. ஆறு ஸ்பீக்கர். அதை விட்டுவிட்டு என் போட்டிக்காரன் வண்டியில் ஐந்து மாசம். லைன் பூராவும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனேன். படுத்திருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கத்தவில்லை. நிதானமாகத்தான் கேட்டேன். பாட்டுத்தானே வேணும், என் வண்டியில ஏறினா என்ன?

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க வண்டியில நீங்க இருக்கீங்களே."

கூச்சம். வேறென்ன? நாலு பேர் பார்க்கப் புருஷன் வண்டியில் வெட்டியாகப் போய்விட்டு வந்தால் எனக்குத்தானே மரியாதைக் குறைவு. அதை யோசித்திருக்கிறாள். அந்த நிலைமையிலும் என் மரியாதையை யோசித்திருக்கிறாள் பாருங்கள்.

அந்தக் கூச்சத்தைப் போக்கிவிடலாம் என்று நினைத்தேன். ஓய்வு நாளில் வேதாரண்யம் போனேன். பக்கிரிசாமி ஸ்டாண்டில் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், சாப்பிட்டீங்களாண்ணே என்றான். அவனைப் பிழைப்பிலிருந்து எடுத்து உப்பளத்துப் பக்கம் தூக்கிப் போட்டவன் நான். சாப்பிட்டீங்களா என்கிறான். அந்தப் பாட்டெல்லாம் வேண்டும் என்றேன். சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்துவிட்டான். அவ்வளவுதான் பேச்சு என்று திரும்பினேன். அவன்தான் கூப்பிட்டான்.

"பாட்டு கேக்க மட்டும் வரலண்ணே அவங்க. கூடவே பாடுவாங்க. சன்னமா. எஞ்சின் சத்தத்துல யாருக்கும் கேக்காது. எனக்குக் கேக்கும்."

இருபத்தெட்டு வருஷம் கூட இருந்திருக்கிறேன் சார். அவள் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது.

அவன் இன்னொன்றும் சொன்னான். தஞ்சாவூரில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் அம்மா இருக்கிறார்கள், கூட்டிக்கொண்டு போங்கள் என்றான். பாட்டு அன்றன்றைக்குத்தான் இழுத்துக்கொண்டு வரும், மறுநாளைக்கு மருந்து வேண்டும் என்றான். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எங்க தங்கச்சியும் சுவரப் பாத்துத்தாண்ணே உக்காந்திருந்துச்சு. நாங்க கவனிக்கல" என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

டாக்டரிடம் கூட்டிப் போனேன். பைத்தியம் பிடித்தவர்கள் போகிற இடம் என்று நினைத்திருந்தேன். உங்களையும் என்னையும் மாதிரி ஆட்கள்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர்கூட இருந்தார். டாக்டர் அம்மா மாத்திரை எழுதினார்கள். எழுதிவிட்டு, எது செஞ்சா மனசு லேசாகுது என்று இவளைக் கேட்டார்கள். இவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன், பஸ்ஸில் பாட்டுக் கேட்பாள் என்று. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். கேட்கட்டும், நிறுத்தாதீர்கள் என்றார்கள்.

சரி என்று அந்தப் பாட்டுகளை என் வண்டியில் போட்டேன். அவளை நானே ஸ்டாண்டுக்குக் கூட்டிவந்து முன் சீட்டில் உட்கார வைத்தேன். காலேஜ் பசங்கள் கத்தினான்கள். "என்னா தாத்தா, வண்டியில எழவா?" என்றான் ஒருத்தன். இறங்குடா என்றேன். போக வர நாற்பத்தெட்டு கிலோமீட்டரும் ரோட்டைப் பாதி, கண்ணாடியில் அவளைப் பாதி பார்த்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு மாட்டு வண்டியை மயிரிழையில் விட்டேன்.

உதடு அசையவில்லை.

மூன்று நடை கூட்டிப் போனேன். அதே பாட்டு. அதே வயலின். கையை மடியில் வைத்துக்கொண்டு பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். நாலாவது தடவை வரவில்லை என்றாள். மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டாள். மாத்திரை சாப்பிட வைத்தது, தூங்க வைத்தது. அதற்கு மேல் நகரவில்லை.

என் செட்டு சரியில்லை என்று முடிவு செய்தேன். சத்தம் இரைச்சலாக வருகிறது, பக்கிரிசாமி செட்டு பழைய செட்டு, இழைந்து வரும் என்று. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் டைம் ஆபீஸுக்குப் போனேன். இரண்டு முதலாளிகளும் இருந்தார்கள், ஏழெட்டு டிரைவர்களும் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். என் மனுவைக் கிழித்துவிடுங்கள். பக்கிரிசாமி இந்த லைனுக்குத் திரும்பி வரவேண்டும். பச்சை வண்டியில் செட்டை மாட்டவேண்டும். அந்த நடையில் அவன் நாலு நிமிஷம் நிற்கட்டும், நான் நாலு நிமிஷம் பிந்தி எடுத்துக்கொள்கிறேன்.

என் முதலாளி கேட்டார். "ஒனக்கென்ன பைத்தியமாய்யா?"

எனக்கில்லை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நிறுத்திக்கொண்டேன். அதைச் சொன்னால் அவளை அங்கே நடுவில் நிறுத்தின மாதிரி. ஆமாங்க என்றேன். எனக்குத்தான் என்றேன்.

பக்கிரிசாமியிடம் எவ்வளவு வாங்கினாய் என்று முகத்துக்கு நேராகக் கேட்டான்கள். எவனெல்லாம் என் மசால் வடையைத் தின்றானோ அவன்தான் கேட்டான். முதலாளி என்னை ஸ்பேர் டிரைவர் ஆக்கினார். யார் லீவோ அவன் வண்டி. பத்தொன்பது வருஷம் என் கையில் இருந்த வண்டி இன்னொருத்தன் கைக்குப் போனது. அசோகராஜ் என்று ஒரு பையன். அவனிடம் மட்டும் தனியாகக் கூட்டிப் போய் உள்ளதைச் சொன்னேன். நாலு நிமிஷம் பொறுத்துக்கொள்ளடா என்றேன். பொறுத்துக்கொண்டான். இன்று வரை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. இப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருப்பது அவன்தான். தலை நரைத்துவிட்டது அவனுக்கும்.

பக்கிரிசாமி வந்தான். செட்டு வந்தது. இவள் தானாக ஒரு நாள் தலை வாரிக்கொண்டு கிளம்பினாள். நான் எதுவும் தெரியாத மாதிரி பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒன்றரை வருஷம் ஆனது. மாத்திரையும் பச்சை வண்டியும். பிறகு வண்டி தேவைப்படவில்லை. வருஷக்கணக்கில் நன்றாக இருந்தாள். பேத்தி பிறந்தபோது மஸ்கட் போய் மூன்று மாசம் இருந்துவிட்டு வந்தாள். வீட்டுக்குப் புது ரேடியோ வாங்கினேன். சாயங்காலம் நான் டீக்கடைக்குப் போனால் போடுவாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். டீ ஒன்றுதான் குடிப்பேன். மூட்டுக்கு நடை நல்லது, அதற்காகப் போவது.

பக்கிரிசாமிக்குக் கண்ணில் புரை வந்து வேலையை விட்டான். பச்சை வண்டிக்குப் புது டிரைவர், புதுப் பாட்டு. பக்கிரிசாமி பாட்டெல்லாம் இப்போது அசோகராஜிடம்.

இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது உங்களுக்கு.

இப்போது மறுபடியும் சார். இரண்டு வாரமாக. ரேடியோ போடுவதில்லை. சோறு அடி பிடிக்கிறது. முந்தாநாள் தலையணை உறை மாற்றினேன், அடியில் பன்னிரண்டு மாத்திரை இருந்தது. போடாமல் ஒளித்துவைத்திருக்கிறாள். கத்தவில்லை. எடுத்து அலமாரியில் பூட்டினேன். இப்போது நானே எண்ணிக் கொடுக்கிறேன். டாக்டர் அம்மாவைப் புதன்கிழமைதான் பார்க்க முடியும் என்றார்கள். இன்றைக்குத் திங்கள். புது ஆற்றில் கரை தொட்டுத் தண்ணீர் போகிறது. நான் இரண்டு நாளாகத் திண்டாடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. பகலிலும் விழித்திருக்க வேண்டும், ராத்திரியும் விழித்திருக்க வேண்டும்.

இன்றைக்குக் காலையில் அவளே கேட்டாள். "பஸ்ஸுல ஒரு நடை போயிட்டு வரட்டுமா?" இத்தனை வருஷத்தில் என்னிடம் கேட்டுக்கொண்டு போவது இதுதான் முதல் தடவை. போயிட்டு வா என்றேன். அசோகராஜுக்கு போன் பண்ணிச் சொன்னேன். அவள் முன் வாசலில் ஏறினாள். நான் பழக்கடைக்குப் பின்னால் நின்றிருந்துவிட்டுக் கடைசி நிமிஷத்தில் பின் வாசலில் ஏறினேன். அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் இறங்கிவிடுவாள். அதுதான் இந்த சீட்டு. உங்கள் கேள்விக்குப் பதில் போதுமா?

இருங்கள், கண்டக்டர் வருகிறான். புதுப் பையன்.

பட்டுக்கோட்டை ஒண்ணு தம்பி. இந்தா. என்னது? இடது காது கேட்காது, இந்தப் பக்கம் வந்து சொல்லு. எடுத்தாச்சா? யாரு எடுத்தா?

கேட்டீர்களா சார்? முன்னாடி ஊதாப் புடவை கட்டின அம்மா இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாளாம். கடைசி சீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவருக்கும் சேர்த்து என்றாளாம். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாளாம்.

டிரைவர் கண்ணாடி. அந்த சீட்டிலிருந்து பார்த்தால் கடைசி வரிசை நன்றாகத் தெரியும். முப்பத்தொரு வருஷம் அந்தக் கண்ணாடியைப் பார்த்தவன். எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

தெரிந்தும் இறங்கவில்லை. ஒரத்தநாட்டிலிருந்து ஐந்து ஸ்டாப் தாண்டியாகிவிட்டது, இறங்கவில்லை.

ஒரு உதவி செய்யுங்கள் சார். எனக்கு இங்கிருந்து அவள் பின்கொண்டைதான் தெரிகிறது. நீங்கள் பின் வாசலில் இறங்காதீர்கள். முன்னால் போய் இறங்குங்கள். அவள் சீட்டைத் தாண்டும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு விநாடி நில்லுங்கள். உதடு அசைகிறதா பாருங்கள். சத்தம் கேட்காது, உதட்டைப் பார்த்தால் போதும். உற்றுப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவாள். இறங்கினால் வண்டி உங்களைத் தாண்டித்தான் போகும். நான் இந்த ஜன்னலில்தான் இருப்பேன். அசைந்தது என்றால் என்னைப் பார்த்துத் தலையை ஒரு ஆட்டு ஆட்டுங்கள். இல்லையென்றால் தரையைப் பார்த்து நடந்து போய்விடுங்கள்.

எனக்காக ஆட்ட வேண்டாம். உள்ளதை மட்டும் சொல்லுங்கள்.

பையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்திருங்கள் சார், பாப்பாநாட்டில் ஒரு நிமிஷம்தான் நிற்பான்.